காணாமல் போன பதினோரு நாள்

வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பெயர் பூட்டு. முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவருக்குத் தெரியாது என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தெரியும். யார் ஆரம்பித்தது, எந்த மேசையில், எதைக் காட்டிச் சிரித்துக்கொண்டு என்பது வரைக்கும் தெரியும்.

மருத்துவமனைகளுக்கு வெள்ளைக் கோட்டும் பள்ளிக்கூடங்களுக்குச் சீருடையும் தைக்கும் கம்பெனி அது. கீழே வெட்டு அறை, மேலே முப்பது மெஷின் ஓடும் கூடம். கம்பெனி ஆரம்பித்த வருஷமே அவர் தையல் மெஷின் மெக்கானிக்காக வந்து சேர்ந்தார். சேர்த்துவிட்டது மனைவியின் தம்பி. அவன் அங்கே கட்டிங் மாஸ்டர்.

துணி வெட்டுவதற்கு அட்டையில் வரைந்து ஆணியில் மாட்டி வைத்த பேட்டர்ன்கள் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. லினக்ஸ் ஓடும் சர்வர். பேட்டர்ன் எல்லாம் அதற்குள் ஒரு ஃபோல்டரில் இருக்கும். எந்த மேசையிலிருந்தும் திறக்கலாம். வைத்துக் கொடுத்தவன் ஒரு மாதத்தில் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். எண்ணெய்க்கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தவர் இவர் ஒருவர்தான். ஊசி ஏன் முறிகிறது என்று தேடுகிற அதே பொறுமையோடு அதையும் கற்றுக்கொண்டார். மாடிப்படிக்கு அடியில் இரும்புக் கதவு போட்டு, பெட்டியை உள்ளே வைத்து, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

அவர் செய்த ஏற்பாடுகளில் ஒன்றைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தினமும் மாலை ஆறு மணிக்கு வெட்டு அறைக் கம்ப்யூட்டர் கூப்பிட, அதுவும் சர்வரும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். ஒரே பெயரில் இரண்டு பக்கமும் ஃபைல் இருந்தால், தேதி எதில் புதியதோ அது நிற்கும். மற்றது அதற்கு ஏற்ப மாறிவிடும். யாரும் எதையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஆறரைக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். ஒரு தடவை வயர் கருகி ஒரு கட்டுத் துணி எரிந்ததிலிருந்து முதலாளியம்மா வைத்த சட்டம் அது. கட்டடத்தில் ஒரு விளக்குகூட எரியாது. அதை நின்று பார்த்துவிட்டுத்தான் அவர் செருப்பு மாட்டுவார்.

அந்த மாதத் தொடக்கத்தில் பெட்டி எழுந்திருக்கச் சுணங்க ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் தயாராகும் பெட்டி, இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. அதற்கு மானிட்டர் கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. பச்சை விளக்கு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அவர் ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்திருப்பார்.

பேட்டர்ன் வரையும் அம்மாள் அந்த வழியாகத்தான் மேலே போக வேண்டும். முன்பு தையல் வகுப்பு எடுத்தவர், எல்லோருக்கும் டீச்சர்.

"என்ன சார், இன்னும் எழுந்திரிக்கலையா? முகத்துல தண்ணி தெளிச்சுப் பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. மறுநாளும் டீச்சர் கேட்டார்: "இன்னிக்கு எத்தனை மணிக்கு எழுந்திரிக்கும்?"

எத்தனை மணிக்கு எழுந்தால் இவருக்கு என்ன? அந்தக் கேள்வி அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்று மூன்றாம் நாள் முடிவுக்கு வந்தார். நல்ல பெட்டி காரணமில்லாமல் இருபத்தைந்து நிமிஷம் விளக்கை அடித்துக்கொள்ளாது. உள்ளே இருப்பதை யாரோ வாரிக்கொண்டு போகிறார்கள். எதிர்த் தெருவில் புதிதாக ஒரு கம்பெனி, இதே கோட்டு தைப்பதற்கு, வந்திருந்தது. சர்வருக்கு வரும் இன்டர்நெட் கேபிளை உருவிச் சுருட்டித் தன் மேசை இழுப்பறையில் வைத்தார். உள்ளுக்குள் மேசைகளை இணைக்கும் கேபிளைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் செய்கிறவர் உஷாராகிவிடுவார்.

கேபிளை உருவிய பிறகு ஃபோல்டரைத் திறக்கவே அரை நிமிஷம் ஆயிற்று. மேலே கூடத்திலிருந்து முணுமுணுப்பு வந்தது. அவருக்குத் திருப்தியாக இருந்தது. வழி அடைபட்டதும் உள்ளே மாட்டிக்கொண்டது திணறுகிறது என்று எடுத்துக்கொண்டார்.

கேபிளை உருவிய பத்தாம் நாள் கோட்டுக் கை குட்டையாகிப் போனது.

ஒரு மருத்துவமனை கையை ஒன்றரை அங்குலம் நீட்டச் சொல்லியிருந்தது. டீச்சர் முந்தின நாளே திருத்தி ஃபோல்டரில் போட்டுவிட்டார். கட்டிங் மாஸ்டர் காலையில் ஃபைலை எடுத்து, அறுபது மடிப்புத் துணியை விரித்து, ஒரே வெட்டாக வெட்டிவிட்டான். மேலே தையலுக்குப் போன முதல் கோட்டைப் போட்டுப் பார்த்தபோது மணிக்கட்டு வெளியே நின்றது. நூற்றியிருபது கை. வெட்டின துணியை நீட்ட எந்த மெஷினாலும் ஆகாது.

வெட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள்.

"நான் நேத்தே மாத்திட்டேன் மாஸ்டர்."

"ஃபைல்ல இருக்கறதைத்தானே டீச்சர் வெட்ட முடியும்? என் கத்திக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

"நான் போட்டதைத்தான் சொல்றேன்."

"நான் எடுத்ததைத்தான் நானும் சொல்றேன்."

ஃபைலைத் திறந்தார்கள். பழைய கை. டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மேலே போய் மறுபடி திருத்தினார். இந்தத் தடவை முதலாளியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் சேமித்தார். மறுநாள் காலை திறந்தால் மறுபடி பழைய கை.

முதலாளியம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உள்ள யாரு கை வைக்கறாங்கன்னு பார்த்துச் சொல்லு. எனக்கு ஆள் தெரிஞ்சாகணும்."

யார் எப்போது நுழைந்தார், எதைத் திறந்தார், எதை மாற்றினார் என்று சர்வர் தானாகவே எழுதிக்கொண்டே போகும். அவர் இரும்புக் கதவை உள்பக்கம் இழுத்துக்கொண்டு, தன் லேப்டாப்பை இணைத்து, அந்தப் பதிவில் தேடினார். கேபிளை உருவிய நாளிலிருந்து ஒவ்வொரு தேதியாகப் போட்டுத் தேடினார். முதல் நாள்: ஒன்றுமில்லை. இரண்டாம் நாள்: ஒன்றுமில்லை. பதினோரு நாள். ஒரு வரி இல்லை. அதற்கு முந்தின நாள் வரைக்கும் ஒழுங்காக இருந்தது.

அழித்திருக்கிறார்கள். துடைத்து வைத்த மாதிரி அழித்திருக்கிறார்கள். அதைச் செய்யப் பாஸ்வேர்டு வேண்டும்.

போன வருஷம் காய்ச்சலில் படுத்திருந்தபோது டீச்சருக்கு ஒரு நாள் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தனுப்பியது ஞாபகம் வந்தது. கேட்காமலேயே டீச்சர் அடுத்த நாள் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நல்ல குணமாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், மனப்பாடம் ஆகாமல் யாராவது சீட்டைத் திருப்பிக் கொடுப்பார்களா? எதிர்த் தெருக் கம்பெனி மேனேஜரோடு பஸ் நிறுத்தத்தில் அவர் பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியது.

"பதினோரு நாள் பதிவை அழிச்சிருக்காங்கம்மா. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும். மூணாவது ஆள் கிடையாது."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நிச்சயமாத்தானே சொல்றே?"

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"நாளைக்குப் பத்து மணிக்குக் கூப்பிட்டுக் கேக்கறேன். நீயும் இரு. அவங்களை நாளையோட அனுப்பிடலாம்."

வீட்டில் மனைவி சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி போன் பண்ணான். அவன் மேல ஒண்ணும் வராதுல்ல?"

"வராது."

"டீச்சர்தான்னு அவன்கிட்ட சொன்னீங்களாமே, எப்படிச் சொல்றீங்க?"

"ஆதாரம் இருக்கு."

"நம்ம வீட்டுக் கத்தரிக்கோல் காணாமப் போனப்பகூட ஆதாரம் இருக்குன்னுதான் சொன்னீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க கூட ஒரு வருஷம் பேச்சே இல்லை. அப்புறம் உங்க டூல் பையிலதான் இருந்துச்சு."

"அது வேற."

"அது வேறதான். கத்தரிக்கோலுக்கு யாரும் வேலையை விட்டுப் போகலை."

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தார்.

மறுநாள் ஏழரைக்கே போய்விட்டார். தையல் கூடத்திலிருந்து ஒரு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சர்வரில் மாட்டினார். எழுந்திருக்கும்போது உள்ளே எது ஓடுகிறது என்று கையும் களவுமாகப் பார்த்து, அதையும் போட்டோ எடுத்து, பத்து மணிக்கு மேசையில் வைப்பதாகத் திட்டம். மெயினைப் போட்டார். பெட்டியின் பொத்தானை அழுத்தினார்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. பிறகு நின்றது. டிஸ்க்கில் கடைசியாக எழுதிய நேரம், இனிமேல்தான் வரப்போகிற ஒரு நேரமாக இருக்கிறது என்றது பெட்டி. ஏதோ கோளாறு, முழு டிஸ்க்கையும் சரிபார்க்கிறேன் என்றது. சதவீதக் கணக்கு ஒன்று, இரண்டு என்று நகர ஆரம்பித்தது. இருபத்தைந்து நிமிஷமும் இதுதானா? அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். யாரும் எதையும் வாரிக்கொண்டு போகவில்லை. பெட்டி தன்னையே எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தது.

முடிந்ததும் உள்ளே நுழைந்து, இத்தனை நாளில் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வியைக் கேட்டார். இன்றைக்கு என்ன தேதி?

ஜனவரி ஒன்று என்றது பெட்டி. வருஷம், எட்டு வருஷத்துக்கு முந்தையது.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். தையல் மெஷினில் ஒரு சக்கரம் சுற்றினால் அடுத்தது எது சுற்றும் என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும். இதுவும் அப்படியே வரிசையாகச் சுற்றியது. மின்சாரம் இல்லாதபோது பெட்டியின் கடிகாரத்தை ஓட வைக்க உள்ளே பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு. அது தீர்ந்துவிட்டது. தினமும் ஆறரைக்கு மெயினை இறக்கும்போது கடிகாரமும் செத்துப்போகிறது. காலையில் பெட்டி எட்டு வருஷம் பின்னால் போய்க் கண் விழிக்கிறது. டிஸ்க்கில் நேற்றைய எழுத்தைப் பார்த்துக் குழம்பி எல்லாவற்றையும் சோதிக்கிறது. சுணக்கம் அதனால். முன்பெல்லாம் விழித்ததும் இன்டர்நெட்டில் நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டது. அந்தக் கேபிளை யாரோ உருவிவிட்டார்கள். ஃபோல்டர் திறக்கத் திணறியதும் இல்லாத இன்டர்நெட்டைத் தேடித்தான்.

டீச்சர் திருத்திய கைக்குச் சர்வர் எட்டு வருஷப் பழைய தேதியைக் குத்தியது. வெட்டு அறையில் இருந்த குட்டைக் கைக்குப் போன மாதத் தேதி. ஆறு மணிக்கு இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டபோது, புதியது நிற்கட்டும் என்ற கட்டளைப்படி குட்டைக் கை நின்றது. பதிவை யாரும் அழிக்கவில்லை. அவர் இந்த மாதத்தில் தேடினார். அது எட்டு வருஷத்துக்கு அப்பால் கிடந்தது.

மச்சான் எட்டரைக்கு வந்தான். மானிட்டரைப் பார்த்தான், இவர் முகத்தைப் பார்த்தான்.

"என்ன மாமா, பேயைப் பார்த்த மாதிரி இருக்கீங்க?"

அவர் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது என்று பாதியிலேயே தோன்றியது, ஆனால் முடித்துவிட்டார்.

மச்சான் படிக்கட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பேட்டரி எங்கே கிடைக்கும்?"

"வாட்ச் கடையில."

"நான் போய் வாங்கிட்டு வரேன். மாத்துங்க. கேபிளைச் சொருகுங்க. வாயை மூடிட்டு இருங்க."

"டீச்சர்?"

"அவங்களுக்கு வேலை கிடைக்காதா என்ன? எதிர்லயே கிடைக்கும். நீங்க போனா நானும்ல சேர்ந்து போகணும்? உங்களைக் கொண்டுவந்து விட்டதே நான்தான். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தை அவர் காதில் நின்றது. மூச்சு விடமாட்டானாம். இன்றைக்கு விடமாட்டான். அடுத்த வருஷம்? வீட்டில் ஒரு சண்டை வந்தால்? இவன் தங்கைக்கோ தம்பிக்கோ ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால், வந்து உட்கார்ந்து, டீயை உறிஞ்சிக்கொண்டு, 'அந்தப் பேட்டரி ஞாபகம் இருக்கா மாமா' என்று கேட்கமாட்டான் என்பதற்கு என்ன நிச்சயம்? ஆயுசுக்கும் இவன் முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க வேண்டும். டீச்சரின் முகமும் மனதில் வந்தது. அவர் அதைத் தள்ளவில்லை. ஆனால் அவரை ஸ்டூலிலிருந்து எழுப்பியது மச்சானின் வாக்குறுதிதான்.

"பேட்டரி வேண்டாம். எதையும் தொடாதே" என்றார்.

"மாமா..."

"கதவைப் பூட்டறேன். நகரு."

பத்து மணிக்கு முதலாளியம்மாவின் அறையில் டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னவோ வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முதலாளியம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் இவர் சொல்லிவிட்டார். நின்றபடியே, கடகடவென்று, தப்பு தன்னுடையது என்பதுவரை.

முதலாளியம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நேத்து அழிச்சிட்டாங்கன்னே. ரெண்டு தடவை பார்த்தேன்னே. இன்னிக்கு ஒண்ணும் அழியலைங்கறே. நடுவுல யார் உன்னைப் பார்த்தாங்க?"

"யாரும் பார்க்கலைம்மா."

"டீச்சர் உன் வீட்டுக்கு வந்தாங்களா? போன் பண்ணாங்களா?"

"எனக்கு இவர் வீடு எந்தத் தெருன்னே தெரியாது" என்றார் டீச்சர். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தார். "நான் அழிச்சேன்னு நீங்களா சொன்னீங்க?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

பொய் சொன்னபோது நம்பினார்கள், உண்மையைச் சொன்னால் விலை போய்விட்டான் என்று நினைக்கிறார்கள். சந்தேகப்படுகிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவர் முன்பு எதிரே நின்று பார்த்ததில்லை.

"நான் சொல்றதை நம்ப வேண்டாம். பெட்டியைப் பார்க்கலாம். நான் எதையும் சரிபண்ணலை. அப்படியே பூட்டி வெச்சிருக்கேன்."

மூவரும் மாடிப்படிக்கு அடியில் போனார்கள். டீச்சர் அவருடைய லேப்டாப்பில் ஒரு வட்டம் வரைந்து ஃபோல்டரில் சேமித்தார். வரைகிற திரையில் தேதி காட்டாது. அதனால்தான் இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை. அவர் ஃபைல் பட்டியலைத் திறந்து காட்டினார். இப்போதுதான் வரைந்த வட்டம், எட்டு வருஷத்துக்கு முந்தின ஜனவரி ஒன்றில் கிடந்தது.

"அன்னிக்கு நம்ம கம்பெனியே கிடையாதே" என்றார் முதலாளியம்மா.

பிறகு பதிவைத் திறந்தார். அந்தத் தேதியைக் கொடுத்ததும் வரிகள் கொட்டின. பதினோரு நாளும் அங்கே இருந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக, பதினோரு காலையும் ஒரே காலையாக. டீச்சர் குனிந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். கோட்டு ஃபைலின் பெயர் வந்ததும் விரல் நின்றது.

"நான் சேமிச்சது இது. என் பேரு இருக்கு. அதுக்குக் கீழே மறுபடி மாத்தினதுன்னு இன்னொரு பேரு போட்டிருக்கே. இது யாரோட பேரு?"

சரிபார்க்கும் வேலையை அவர் தன் பெயரில்தான் ஓட விட்டிருந்தார்.

"என்னுது."

முதலாளியம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். மேலே மெஷின்கள் ஓடும் சத்தம் படி வழியாக இறங்கி வந்தது.

"நான் இருக்கணுமா, போகணுமா? அதைச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"இருங்க டீச்சர். உங்களைப் போய் நான்..." முதலாளியம்மா முடிக்கவில்லை. "இவரை என்ன பண்றதுன்னுதான் தெரியலை."

"அவரும் இருக்கட்டும். இந்தப் பெட்டி வேலை வேற யாருக்கும் தெரியாது. ஆனா இனிமே இந்தப் பெட்டியில அவர் கை வைக்கும்போது நான் பக்கத்துல இருப்பேன். என்ன பண்றார், எதுக்குப் பண்றார்னு எனக்குச் சொல்லணும்."

"சரிதானே தம்பி?"

சரி என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

மச்சான் பேட்டரி வாங்கி வந்து நீட்டிவிட்டு வெட்டு அறைக்குப் போனான். டீச்சர் வேலை மேசையை விட்டு இறங்கி வந்து நின்றார். அவர் பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

"இது எதுக்கு?"

"உள்ளே பேட்டரி இருக்கு."

"பழசைக் காட்டுங்க." வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப என்ன எழுதறீங்க?"

"தேதியைச் சரிபண்றேன்."

"இந்தக் கேபிள்?"

"இன்டர்நெட்."

"எங்கே இருந்துச்சு?"

"என் இழுப்பறையில."

"யார் வெச்சது?"

"நான்."

தெரிந்ததையே கேட்கிறார் என்று அவருக்குப் புரிந்தது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

மதியம் டீச்சர் மூன்றாவது தடவையாகக் கையைத் திருத்தினார். ஆறு மணிக்கு இரண்டு கம்ப்யூட்டரும் சரிபார்த்துக்கொண்டன. வெட்டு அறையில் போய்த் திறந்தார்கள். நீளக் கை. மச்சான் அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பாடா, வெட்டலாமா?" என்று கேட்டான். டீச்சர் இவர் பக்கம் திரும்பினார்.

"மெயினை இறக்கிட்டு மறுபடி போடுங்க" என்றார் அவரிடம்.

"அவசியமில்லை. பேட்டரி புதுசு."

"போடுங்க. பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

அவர் பெட்டியை நிறுத்தி, மெயினை இறக்கினார். இருட்டில் இருவரும் பத்து நிமிஷம் நின்றார்கள். மறுபடி போட்டார். இரண்டு நிமிஷத்தில் பெட்டி எழுந்தது. தேதி அன்றைய தேதி. டீச்சர் தன் போனை எடுத்து நிமிஷம் உட்பட ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கோட்டு ஃபைலைத் திறந்து கையை அளந்தார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டே காலுக்கு அவர் வந்தபோது, மாடிப்படிக்கு அடியில் இரும்புக் கதவைப் பார்த்தபடி டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"திறங்க" என்றார்.